மாடியில் பன்னிரண்டு டன்

அன்வரி பேகத்தின் உயிருக்கு அவள் கணவர் குலாம் ரசூல் பேசி முடித்த விலை, இரண்டு நாள். பேசும்போது அது அவருக்குத் தெரியாது.

மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடிக்குப் புதுத் தளம் போட்ட முருகையன் மேஸ்திரி, வடிகுழாய்களைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினான். "ஒரு நாள் உட்டுப் பாரு பாய். ஒழுவலைன்னா துட்டு குடு." பாண்டி பஜாரில் முப்பது வருஷம் துணி விற்றவர் சொன்ன விலைக்குச் சம்மதிப்பாரா? ஒரு நாளை மூன்றாக்கினார். அன்றிரவு பிடித்தது மழை. ஜூன் மாதத்தில் எவனும் எதிர்பாராத பேய்மழை. மறுநாளும் விடவில்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பூரித்துப்போய், பக்கத்து வீட்டு இன்ஜினீயர் ராஜகோபாலனை அழைத்துக் காட்டினார்.

ராஜகோபாலன் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். பாய் கையிலிருந்த கடை மீட்டர்கோலை வாங்கித் தண்ணீரில் ஊன்றினார்.

"கால் மீட்டர் நிக்கறது. மாடி நாப்பத்தெட்டு சதுர மீட்டர். பன்னண்டு டன், பாய்."

"வெறும் மழைத்தண்ணி சார். ஒம்போதுன்னு வைங்க."

"இதுலயுமா பேரம்? இந்தக் கூரை ஏழு தாங்கினா ஜாஸ்தி. கீழே யாரு?"

"சம்சாரம்."

"அடைப்பை எடுத்தா எறங்க மணிக்கணக்காகும். மொதல்ல அவாளை வெளியே கூட்டிண்டு வாங்கோ."

குலாம் ரசூல் படியிறங்கி ஓடினார். அறுபது கிலோ துணி பேல் பத்தை மாடியில் போடத் தம்பி கேட்டபோது, கூரை தாங்காது என்று விரட்டியவர் அவர். இப்போது மேலே நிற்பது இருநூறு பேல்.

கீழே அன்வரி ஜரிகை வேலைச் சட்டத்தின் மேல் குனிந்திருந்தாள்.

"எந்திரி."

"இன்னும் ஒரு மயில் பாக்கி. காலைல நிக்காஹ் சேலை குடுக்கணும்."

"கூரை விழப்போவுது."

"ஒரு சொட்டு ஒழுகலைன்னு காலையிலேர்ந்து தெருவெல்லாம் சொன்னது யாருங்க?"

அவர் அவள் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். "அப்ப நானும் இங்கயே இருக்கேன்." அன்வரி அவர் முகத்தைப் பார்த்தாள். ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள்.

வாசல் தாண்டி நாலடி வைத்திருப்பார்கள். பின்னால் இடி இடித்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு கதவு வழியே முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. செங்கல்லும், சட்டத்தின் ஒரு கட்டையும் அதோடு வந்தன.

தெருவில் நின்ற குலாம் ரசூலின் உதடு தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. மேஸ்திரி விட்டது இரண்டரை டன். மழை விட்டது ஒன்பதரை. ஆகப் பன்னிரண்டு. கூரை தாங்கும் ஏழு போக மீதி ஐந்து, அன்வரியின் ஜமுக்காளத்தின் மேல்.