சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஏழு பேர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. சென்ற மாதம் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு குடியிருப்பை இடித்துக் கட்டப் போகிறார்கள். அங்கே இருப்பவர்களின் கருத்தைக் கேட்கிறார்களாம். பன்னிரண்டு நிமிடத்தில் கேட்டு முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கூட்டத்தை அப்படியே எழுதினால் வசைதான் வரும் என்று தோன்றியதால் 1931-க்குப் போனேன், மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்துக்கு. இப்படி ஒன்று நடந்ததா என்று தேடாதீர்கள். நானே இட்டுக்கட்டியது.

முதல் வரி இப்படி இருந்தது: "ஏரிக்கரையில் சூரியன் செந்நிறமாக—"

அடித்துவிட்டேன். நாற்பது வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய காலையில் சூரியன் என்ன நிறத்தில் இருந்தால் என்ன?

2

ஹாஜிரா பீ மெத்தை தைப்பவள். ஆளை ஒருமுறை பார்த்தால் போதும், படுத்தால் எவ்வளவு இடம் பிடிப்பார் என்று சொல்லிவிடுவாள். தியாகராய நகரின் புதுப் பங்களாக்களில் பாதிப் பேர் அவள் தைத்த மெத்தையில்தான் தூங்கினார்கள். அவளோ பழைய ஏரிக்கரையில் ஓலைக் குடிசையில், பஞ்சு கொட்டும் கணவர் ஷரீஃபோடும் ஐந்து பிள்ளைகளோடும் இருந்தாள்.

நோட்டீஸைப் பார்த்து அவள் அழவில்லை. கரை வழியாக ரோடு வருகிறது. குடிசைகளுக்குப் பதிலாகச் சைதாப்பேட்டைப் பக்கம் குறைந்த வாடகைக்கு வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டித் தருவார்கள். ஓடு என்றால் ஒழுகாது, சந்தோஷம்தான். ஆனால் அந்த வீடு எப்படி இருக்கும்? அதை யாரும் சொல்லவில்லை.

அடுத்த குடிசைப் பொன்னுரங்கம் கொத்தனார். பிளான் படிக்கத் தெரிந்தவர். (முதல் வரைவில் அவரைக் குடிகாரராக்கியிருந்தேன். குடிசையில் ஓர் ஆண் என்றதும் என் பேனா தானாகச் சாராயக் கடைக்குப் போய்விட்டது. வெட்கத்தோடு திருத்தினேன்.) வீடு கட்டித் தரும் கமிட்டியின் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த பிளானைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்:

"பீபிம்மா, ஒரு வூட்டுக்கு ஒரே ரூம்பு. எட்டடிக்கு ஆறடி. ஜன்னலு ஒண்ணுதான். அடுப்பும் உள்ளதான் கீது."

"ஏழு பேரு எங்க நைனா படுக்கறது?"

மூன்று முறை ஆபீசுக்கு நடந்தாள். மூன்று முறையும், கட்டட வேலையை மேற்பார்க்கும் ஓவர்சியர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "உங்களுக்கு நல்லது பண்ணத்தானே கட்டறோம்? அப்புறம் உங்களை என்னத்தைக் கேக்கறது?"*

* கதையில் நான் இட்டுக்கட்டாத வரி இது ஒன்றுதான். சென்ற மாதம் காதால் கேட்டது.

3

(அடுத்து ஹாஜிரா பீ மனு கொடுத்தாள் என்றுதான் எழுதினேன். மனு ஓவர்சியரின் மேஜைக்குள் போய்விட்டது. கதையும் கூடவே போய்விட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அவளுக்கு எழுதத் தெரியாது, அளக்கத் தெரியும்.)

கமிட்டித் தலைவர் இடத்தைப் பார்வையிட வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பொன்னுரங்கம் கயிறு பிடிக்க, ஹாஜிரா பீ கரையடியில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாள். பிளானில் இருந்த அதே அறை, அதே அளவில். வாசலுக்கும் ஜன்னலுக்கும் இடம் விட்டாள். மூலையில் நிஜ அடுப்பு மூட்டி உலை வைத்தாள்.

தலைவர் மயிலாப்பூர் வக்கீல். காரை விட்டு இறங்கியதும் கேட்டார்: "என்னம்மா இது, கோலமா?"

"நீங்க எங்களுக்குக் கட்டப்போற வூடு ஐயா. உள்ள வாங்க."

அவர் கோட்டைத் தாண்டி வந்தார். (இல்லை, வாசல் வழியாகத்தான் நுழைந்தார். அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.) ஹாஜிரா பீ ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஷரீஃப் படுத்தார். பிள்ளைகள் நெருக்கியடித்துப் படுத்தார்கள். ஏழாவது ஆளுக்கு மிச்சமிருந்தது அடுப்பு மட்டும்.

"நா எங்க படுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

ஓவர்சியர் குறுக்கிட்டார். "அடுப்பை வெளியில வச்சுக்க வேண்டியதுதானே?"

"மழ பேஞ்சா நீங்க வந்து கொட புடிப்பீங்களா?"

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அவர் கண்கள் கலங்—

இதையும் அடித்தேன். வக்கீல்கள் ஒரே காலையில் கலங்கிவிடுவதில்லை. அவர் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, யோசிக்கறோம். எழுந்திருங்கோ."

"யோசிக்கறப்ப நாங்களும் அங்க இருக்கணும் ஐயா. எத்தினி அடி, எத்தினி ஜன்னலு, தண்ணிக் கொழா எங்க, எல்லாம் எங்களக் கேட்டுக்கினு எழுதுங்க. தேதி சொல்லுங்க, எந்திரிக்கறோம்."

"பொம்மனாட்டிகள் கமிட்டியில வந்து பேசற வழக்கம் இல்லையேம்மா. ரெண்டு ஆம்பளைகளை அனுப்பு."

"அடுப்புகிட்ட நிக்கறது நானு ஐயா."

சொல்லிவிட்டு அடுப்பை ஒட்டி, காலைக் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு படுத்தாள். பக்கத்தில் பொன்னுரங்கம் இன்னொரு அறைக்குக் கோடு போட ஆரம்பித்தார். அவர் வீட்டில் எட்டுப் பேர். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. கார் நின்ற இடம்வரை வெள்ளைக் கோடுகளும் படுத்த மனிதர்களும்; கார் கிளம்ப வழியில்லை. வெயில் ஏறியது. ஹாஜிரா பீக்குப் பயமாகத்தான் இருந்தது. போலீஸ் வந்தால் ஷரீஃபைத்தான் முதலில் பிடிப்பார்கள். இருந்தும் எழவில்லை.

உச்சி வேளையில் தலைவர் காகிதம் கேட்டு வாங்கி எழுதினார்: வியாழன், காலை பத்து மணி, பிளான் முடிவாவதற்கு முன் ஹாஜிரா பீயும் பொன்னுரங்கமும் கமிட்டி முன் பேசலாம். பொன்னுரங்கம் உரக்கப் படித்தார். தன் பெயர் இருக்கிறதா என்று இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே அவள் எழுந்தாள்.

4

முடிவுக்கு வருவோம். அறையைப் பத்தடியாக்கி, சமையலுக்குத் தனி இடம் கொடுத்தார்கள் என்று ஒன்று எழுதினேன். இனித்தது, நம்ப முடியவில்லை. காப்பி குடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, பழைய பிளானிலேயே கையெழுத்துப் போட்டார்கள் என்று இன்னொன்று. இதை நம்ப முடிந்தது. வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. மூன்றாவதில் ஒரு ஜன்னல் மட்டும் கூடுதலாக—

போதும். அந்த நாற்பது வீட்டையும் நான் ஒருவனே மேஜையில் உட்கார்ந்து தீர்மானித்தால் எனக்கும் ஓவர்சியருக்கும் என்ன வித்தியாசம்?

உறுதியாகச் சொல்ல முடிந்தது இதுதான். வியாழக்கிழமை பத்து மணிக்கு முன்பே ஹாஜிரா பீ வந்துவிட்டாள். பின்னால் பொன்னுரங்கம். உள்ளே நீள மேஜை, சுற்றிலும் கமிட்டி அங்கத்தினர்கள். அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள். பிளான் உங்கள் முன்னால் விரிந்து கிடக்கிறது. பேனாவும் உங்கள் கையில்தான்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உங்களைப் பார்த்தே தொடங்குகிறாள்:

"பேனாவக் கீழ வெச்சிட்டு மொதல்ல கேளுங்க."