பழைய ஆட்டங்களை நீக்கிய ஞாயிறு

வேசாவின் கணினிக்கு மூச்சு முட்டி ஒரு மாதமாகிவிட்டது. பதினோரு வருஷமாக அவன் இணையத்தில் ஆடிய ஒவ்வொரு போக்கர் ஆட்டமும், எதிரில் உட்கார்ந்த அத்தனை பேரின் போக்கும் அதற்குள் குவிந்து கிடந்தன. மேசைக்கு ஒருவன் வந்தால், அவன் எப்போது வீறாப்புக்குப் பணம் ஏற்றுவான், எப்போது பயந்து ஒதுங்குவான் என்று திரையில் பெயருக்குப் பக்கத்தில் எண்கள் வர வேண்டும். இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான் வந்தன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சமையலறையிலிருந்து மனைவி ரீக்கா குரல் கொடுத்தாள். "அண்ணன் சாயங்காலம் காபிக்கு வரான். வேலைக்கு வரியா இல்லையான்னு இன்னைக்கு அவன்கிட்ட சொல்லிடு."

அவள் அண்ணன் ஹன்னு, கயானி நகரத்துக்கு வெளியே மர அறுவை ஆலை வைத்திருக்கிறான். பனிக்காலம் முழுக்க வேசாவைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டான்.

"எனக்குத்தான் வேலை இருக்கே," என்றான் வேசா. "இதைக் கொஞ்சம் இளைக்க வச்சாப் போதும், பழையபடி ஓடும்."

"அப்படியே நீயும் கொஞ்சம் இளைச்சுக்கோ."

சிரிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. முதல் ஒன்பது வருஷத்து ஆட்டங்களை தனியாகச் செருகும் வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்துவிட்டு, உள்ளே இருந்ததை அழித்தான். மதியச் சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம். ஆட்டக் கோப்பின் அளவு இம்மியும் குறையவில்லை. தலையில் அடித்துக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் இதே தப்பு. அழித்தால் மட்டும் இந்தச் சனியன் இடத்தை விடாது. சுருங்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். சுருங்குவதற்கோ, முதலில் அதற்குக் காலி இடம் வேண்டும். இடமில்லை என்றுதானே இந்தக் கூத்தே. இருந்த சினிமாக்களையும் விளையாட்டுகளையும் தூக்கி எறிந்து இடம் பண்ணினான்.

ஒருவழியாகச் சுருங்கி முடிந்தது. சொடுக்கியதும் பட்டென்று திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் லாப நஷ்ட வரைபடத்தைத் தட்டினான். ரீக்கா வேலைப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவன் காட்டுவது அதில் உள்ள கோட்டைத்தான். மலையேறுவதுபோல மேலே போகும். இன்று அது முதல் புள்ளியிலிருந்தே கீழே இறங்கியது.

ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி கணக்குப் போடச் சொன்னான். அதே பள்ளம். கோளாறெல்லாம் இல்லை. மலையைக் கட்டியவை அந்த ஒன்பது வருஷங்கள்; அவை வெளிவட்டுக்குப் போய்விட்டன. மிஞ்சிய இரண்டு வருஷம் முழுக்கத் தோல்வி. உச்சியின் ஓரத்தில் சின்ன வளைவாகத் தெரிந்ததால் அவன் அதைச் சட்டை செய்ததே இல்லை.  அவனுக்கு அவமானமாக இருந்தது.

ஏலக்காய் ரொட்டித் தட்டோடு ரீக்கா பின்னால் வந்து நின்றாள். திரையை மூடக் கையைக் கொண்டுபோனவன் மூடாமல் விட்டுவிட்டான்.

"ரெண்டு வருஷமாத் தோத்துக்கிட்டே இருக்கேன்," என்றான். "எனக்கே இப்பதான் தெரியுது."

"எனக்குத் தெரியும். வாடகை என் சம்பளத்துலதானே போகுது."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ஒவ்வொரு தடவையும் அந்த மலையைக் காட்டின."

 அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, "ஹன்னு வந்தா வரேன்னு சொல்லிடறேன்," என்றான்.

"நீ வரேன்னு நான் வியாழக்கிழமையே அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் போகணும். உன் அளவுக்கு இரும்பு முனை பூட்ஸ் வாங்கி வாசல்கிட்ட வச்சிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டுக்கிட்டே இருந்த?"

"உன் வாயாலயே வரணும்னுதான்."

அவன் எழுந்து போய்ப் பூட்ஸைப் போட்டுப் பார்த்தான். அளவு சரியாகத்தான் இருந்தது.