மறுக்கும் உரிமை

மேனேஜர் கூட்டம் போட்டாலே எனக்கு எரிச்சல் வரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஊர்ப்பட்ட பொய்யைக் கேட்ட காது இது. குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடும்.

அன்று எங்கள் முதியோர் இல்லத்தில் அவர் எங்களுக்குள்ள உரிமைகளை வாசித்தார். "பிடிக்காத எதையும் வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு." எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்துக் கட்டில் டெய்லரம்மா மட்டும் கையைத் தூக்கினாள்.

"அப்போ எனக்கு அந்த டயப்பர் வேணாம் சார். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா பாத்ரூமுக்கு நடந்துருவேன்."

சாயங்காலமானால் இங்கே நடக்கிறவர், நடக்காதவர் எல்லோருக்கும் டயப்பர் கட்டிவிடுவார்கள். மாடி முழுக்க ஒரே ஆயா, அவளுக்கும் ரெண்டு கைதானே. மேனேஜர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

"தாராளமா. ஆனா தனியா எழுந்திரிக்கக் கூடாது. விழுந்தா யாரு பதில் சொல்றது? மணி அடிங்க, ஆயா வருவாங்க."

உரிமை வந்தது. டெய்லரம்மா கட்டிலின் இரு பக்கமும் கம்பித் தடுப்பு வந்தது. இன்னொரு ஆயா வரவில்லை.

முதல் ராத்திரி டெய்லரம்மா மணி அடித்தாள். ஆயா கடைக்கோடி அறையில் யாரையோ புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். "வர்றேம்மா, வர்றேன்!" என்று குரல்தான் வந்தது. ஆள் வருவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது.

"டயப்பர் கட்டியிருந்தா இந்த வம்பு உண்டா?" என்றாள் ஆயா, விரிப்பை உருவியபடி. அவள் குரலில் கோபமில்லை, அலுப்புதான். டெய்லரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமெல்லாம் எனக்குத்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவளின் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்தடுத்த ராத்திரிகளிலும் அதே கதை. பிறகு மணிச் சத்தமே கேட்கவில்லை. டெய்லரம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"குடிச்சாத்தானே போகணும்க்கா?" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

"அடியே, செத்துடுவடி!"

நர்ஸிடம் சொன்னேன். நர்ஸ் டம்ளரை நீட்டினாள். டெய்லரம்மா வேண்டாமென்று தலையாட்டினாள். நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் போகாத உடம்பில் காய்ச்சல் கொளுத்தியது. என்னைத் தன் அம்மா என்று நினைத்து, பாவாடைக்கு நாடா கோத்துத் தரச் சொல்லி அழுதாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சிறுநீருக்குக் குழாய் செருகி, கட்டிலோரம் பையைத் தொங்கவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

மகள் பதறி ஓடி வந்தாள். "தண்ணி குடிக்காம இருந்திருக்காங்க, எப்படி சார் விட்டீங்க?"

"வற்புறுத்தக் கூடாது மேடம். மறுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. அதை நாங்க மதிச்சோம்."

மேனேஜர் குரலில் ஒரு பிசிறு இல்லை. மனுஷன் அதை நிஜமாகவே நம்பினார். "அடப்பாவி!" என்று கத்தினேன். "பிரஷர் ஏறிடும்மா" என்று என்னிடம் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டெய்லரம்மா குழாயைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இனிமே இதுக்காக யாரையும் கூப்பிட வேணாமா?"

"வேணாம்டி."

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றாள் மகளிடம். மகள் நீட்டிய டம்ளரை மூச்சுவிடாமல் காலி செய்துவிட்டு, இன்னொன்று கேட்டாள்.