மேற்கோள் காட்டிய நானூறு பேர்

தம்பிதுரை அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருந்தார். கோவையிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து ஈரோட்டுக்கு ஓடிவந்திருந்த லோகப்பிரியா உட்காருவதற்குள் அதை எடுத்து நீட்டினார். அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கம். மஞ்சளில் இருக்கும் குர்குமின், பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்பதுதான் அதன் சாரம். மஞ்சள் மண்டிக்காரருக்குப் அதே பெருங்குடலில் புற்று வந்து, அக்கா மகளே இப்படி எழுதியும் இருந்தால், வேறு எதை நம்புவார்?

"நானூறு பேருக்கு மேல இத மேற்கோள் காட்டியிருக்காங்களாமா அம்மணி. நம்ம பையன் கவின் செல்லுல பாத்துச் சொன்னான். அத்தன சயின்டிஸ்ட்டு ஒத்துக்கிட்டதுக்கப்புறம் இந்த டாக்டரு என்ன சொல்றது?"

அவர் மனைவி நாச்சியம்மாள் காப்பியோடு வந்தாள். "ரெண்டு தடவ மருந்து ஏத்துனதோட நிறுத்திப்போட்டாரு கண்ணு. மூணாவது இன்னைக்கு, பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. போவ மாட்டேங்கறாரு. மண்டியில வித்தது போக மிச்ச மஞ்சள இவரே தின்னுபோடுவாராட்ட இருக்குது. வாயத் தொறந்தா உன்ற பேருதான்."

 லோகப்பிரியா எழுதிய கட்டுரைகளில் மற்றவற்றை ஐந்து பேரோ பத்துப் பேரோதான் எடுத்தாண்டிருந்தார்கள். அவள் பெயரைத் தூக்கி நிறுத்தியது இந்த ஒன்றுதான். வியாழக்கிழமை இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அந்த நானூறைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தாள்.

"அது கண்ணாடித் தட்டுல வளத்த செல்லுங்க மாமா. தட்டுல பினாயில ஊத்துனாலுந்தான் சாகும். அதுக்காகப் பினாயிலக் குடிப்பீங்களா?"

"பினாயில நானூறு பேரு மேற்கோள் காட்டுனாங்களா?" என்று அவர் சிரித்தார். அத்தைகூடச் சிரித்துவிட்டாள்.

அந்த நானூறைத் தொடாமல் அவரை அசைக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. கடிகாரம் ஒன்பதரையைத் தாண்டியிருந்தது.

"மேற்கோள் காட்டறதுன்னா ஒத்துக்கறதுன்னு அர்த்தமில்லீங்க மாமா. 'இது தப்பு'ன்னு எழுதறவனும் எந்தக் கட்டுரைன்னு பேரச் சொல்லித்தான ஆவோணும்? அதும் கணக்குல ஏறிரும். பாராட்டுனதா திட்டுனதான்னு பிரிச்சுப் பாக்கறதில்லீங்க."

 அவளுடையதை மறுத்து மற்றவர்கள் எழுதிய கட்டுரை ஒன்றைச் செல்பேசியில் திறந்து, அதில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். லோகப்பிரியாவின் குழு அளந்தது செல்களின் சாவை அல்ல, குர்குமினின் சொந்த ஒளியை. அவருக்கு விளங்கவில்லை. ஒன்று செத்த செல், ஒன்று உயிருள்ள செல் என்று மேசைமேல் இரண்டு தம்ளர்களை வைத்து விளக்கினாள். செத்த செல்லுக்குள் மட்டும் ஒரு சாயம் புகும். நீல ஒளி பட்டால் அந்தச் சாயம் பச்சையாக மின்னும். எந்திரம் அந்தப் பச்சையைப் பார்த்துச் சாவைக் கணக்கிடும். ஆனால் குர்குமினும் நீல ஒளியில் தானாகவே பச்சையாக மின்னக்கூடியது. அதை உறிஞ்சிய செல் உயிரோடு இருந்தாலும் எந்திரத்துக்குச் செத்ததாகத்தான் தெரியும். சாயமே இல்லாமல் குர்குமினை மட்டும் போட்டு ஒரு தட்டை அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்தத் தட்டை அவள் வைக்கவில்லை.

சொல்லச் சொல்ல அவள் குரல் தெளிந்தது. ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும்போது மட்டும் அவளுக்குப் பயம் மறந்துவிடும். முடித்ததும் திரும்ப வந்தது.

மாமா தம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருசமாத் தெரியுங்க."

"பெரிய போஸ்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கறயாமா, உங்கம்மா சொன்னா. அதுல இந்த நானூறும் இருக்குதா?"

"இருக்குதுங்க."

நாச்சியம்மாள் மருந்துப் பையை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

"சரி, நான் போயி ஊசி போட்டுக்கறேன்" என்றார் அவர் மெல்ல. "இப்ப எங்கிட்டச் சொன்னத, நீ அங்க போயிச் சொல்லுவியா?"

  பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி வாசலுக்குப் போய், நின்ற வாக்கிலேயே காலால் செருப்பைத் துழாவினார். மருந்து ஏறியதிலிருந்து பாதம் மரத்துப்போயிருந்தது. லோகப்பிரியா ஓடிப்போய்க் குனிந்து செருப்பை அவர் விரல்களுக்கடியில் நகர்த்தினாள். கால் அதன்மேல் பட்டது. பட்டது அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கால் செருப்பின் மேலேயே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.