கை கட்டி நின்று கேட்பவர்கள்

என் கணவன் லோகனுக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் “இன்டிரெஸ்டிங்” என்பான். என் அக்கா வைத்த மீன் குழம்பு, நான் ஆசைப்பட்டு வாங்கிய மஞ்சள் திரைச்சீலை எல்லாமே அவனுக்கு இன்டிரெஸ்டிங்தான். அவனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்துகிறவளுக்கு இதுகூடவா தெரியாது? கணினியில் நான் கலந்து வைத்திருந்த ஹவுஸ் என்ற ஆட்ட இசையை அவனுக்கு முதன்முதலாகப் போட்டுக் காட்டினேன். நல்ல பிள்ளையாக உட்கார்ந்து முழுவதையும் கேட்டான். முடிந்ததும் அதே வார்த்தையைச் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. நாங்கள் இண்டி ராக் ஆட்கள். கிள்ளானில் எங்களுக்கென்று ஒரு பேண்ட் இருந்தது. லோகன் கிட்டார் வாசித்துப் பாடுவான், ஜெஞ்சாரோம் ஊர்க்காரன் சபாபதி டிரம்ஸ், நான் அடிச்சுரம் போடுகிற பேஸ் கிட்டார். ஷா ஆலமில் டயர் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து வாரக்கடைசியில் காது கிழிய வாசிப்போம். எங்கள் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கறுப்பு டி-சட்டை போட்டுக்கொண்டு மேடைக்கு முன்னால் கை கட்டி நிற்பார்கள். பாட்டு எவ்வளவு பிடித்தாலும் தலை மட்டும்தான் ஆடும். உடம்பை ஆட்டுவதெல்லாம் கல்யாண டின்னரில் மாமாமார் செய்கிற வேலை. கணினியில் செய்த இசை என்றாலே “பட்டன் அமுக்குறவன்லாம் மியூசிஷியனா?” என்போம். நானும்தான் சொன்னேன், வாய் கூசாமல்.

என் மனசு மாறியது பெடரல் ஹைவே நெரிசலில். வேலைக்கு ஷா ஆலம் போகிற வழியில் கார் நகராமல் நின்றிருந்தது. போனில் ஏதோ ஒரு ஹவுஸ் பாட்டு தானாக ஓடிற்று. பாட ஆளில்லை, கிட்டார் இல்லை. பேஸ் மட்டும் நாலு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அடப்பாவி, இது என் வேலையாச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேண்டில் இத்தனை காலம் பேஸ் வாசித்தேன், ஒரு நாயும் திரும்பிப் பார்த்ததில்லை. நிகழ்ச்சி முடிந்தால் “கிட்டார் செம, பாஸ்” என்று லோகனிடம் ஓடுவார்கள். என்னிடம் வந்து “அக்கா, டாய்லெட் எங்க?” என்று கேட்பார்கள். இந்த இசையில் பேஸ்தான் ராஜா என்று கண்டுகொண்டதும் நான் விழுந்துவிட்டேன். கணினியில் நானே பாட்டுகளைக் கலக்கப் பழகினேன்.

பிரிக்பீல்ட்ஸில் தனேஷ் என்ற தம்பி ஒரு மாடியில் காப்பிக் கடை வைத்திருக்கிறான். ஞாயிறு காலையில் மேசைகளை ஓரம் கட்டிவிட்டு டிஜே போட்டு ஆடவிடுவான். காப்பியும் ஆட்டமும், மதியத்துக்குள் எல்லாரும் வீடு திரும்பலாம். நான் கலந்ததைக் கேட்டுவிட்டு, “அக்கா, ஒரு மணி நேரம் நீங்க வாசிங்க” என்றான்.

லோகனிடம் சொன்னேன். “சூப்பர் லா! நம்ம ஆளுங்க எல்லாத்தையும் கூட்டிட்டு வரேன். ஃபுல் சப்போர்ட்” என்றான்.

“சப்போர்ட் பண்றதுக்கெல்லாம் வராத. பிடிச்சா வா.”

“பொண்டாட்டி வாசிக்கிறா, வராம எப்படி? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“அப்ப நாலு பேருக்காகத்தான் வர்றியா?”

அவனுக்கு விளங்கவில்லை. துக்க வீட்டுக்குத் தலை காட்டப் போகிற மாதிரி ஒருத்தன் என் இசைக்கு வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குப் பிடித்தது அவனுக்கும் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அவனோடு சேர்ந்து கேட்காத எதையும் நான் அதுவரை கேட்டதே இல்லை. அன்றைக்குச் சோறு போட்டேன், பேச்சுக் கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை இருவரும் கொமுட்டர் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தோம். கடை வாசலில் சபாபதியும் பழைய கூட்டமும் கறுப்பு டி-சட்டையில் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் தொப்பை வந்துவிட்டது, சட்டை மட்டும் அதே சைஸ்.

நான் டிஜே மேசைக்குப் பின்னால் போய் ஆரம்பித்தேன். அவர்கள் நேராக முன்னால் வந்தார்கள், வரிசையாக நின்றார்கள், என்னைப் பார்த்துக் கை கட்டினார்கள். லோகன் நட்ட நடுவில். அவர்களுக்குப் பின்னால் ஆட வந்த பிள்ளைகள் காப்பிக் கோப்பையோடு விழித்தார்கள். ஹவுஸ் பாட்டில் நடுவே டிரம்ஸை நிறுத்தி, கொஞ்சம் ஏங்கவிட்டு, பிறகு திரும்பப் போடுவார்கள். ஆட்டம் சூடு பிடிப்பதே அந்த இடத்தில்தான். நான் டிரம்ஸை நிறுத்தினேன். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து என் ஆட்கள் மொத்தமாகக் கை தட்டினார்கள்! சபாபதி “ஒன் மோர்!” என்று வேறு கத்தினான். பின்னால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆயோ, எனக்கு மானம் போயிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

தனேஷ் என் காதருகில் குனிந்தான். “அக்கா, என்ன இது, கோர்ட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறாங்க? பிள்ளைங்க ஆட இடமே இல்ல. இப்படியே போனா அடுத்த ஆள ஏத்திருவேன், சோரி.”

நீளமான பாட்டாக ஒன்றைப் போட்டுவிட்டு நேரே லோகனிடம் போனேன்.

“கைய எடு.”

“என்ன?”

“கட்டின கைய எடு. என்னைப் பாக்காத, அந்தப் பக்கம் திரும்பு.”

“உன்னைப் பாக்கத்தானே வந்தேன்?”

“பாக்க என்ன இருக்கு? பட்டன்தானே அமுக்குறேன்? திரும்பி ஆடு லா!”

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னான்: “எனக்கு ஆட வராது, மாதவி. பயமா இருக்கு.”

ஆயிரம் பேர் முன்னால் பாடினவன் அவன். என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

“இங்க யாருக்கு ஆட வருது? பேஸக் கேளு. இத்தனை வருஷம் உன் பக்கத்துலதான் நின்னு வாசிச்சேன். ஒரு தடவையாவது கேளு.”

திரும்பி வந்து மற்றச் சத்தத்தையெல்லாம் இறக்கிவிட்டுப் பேஸை மட்டும் ஓடவிட்டேன். தரையே முனகிற்று. லோகன் கையை அவிழ்த்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டான், எடுத்தான். பிறகு மெல்ல எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். குதிகால் தட்டியது, தோள் அசைந்தது. பார்க்கச் சகிக்கவில்லைதான், லோரி பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி ஒரு ஆட்டம். ஆனால் தாளத்தில் இருந்தான். அதைப் பார்த்த சபாபதிக்கும் கை துறுதுறுத்தது. முதலில் தொடையில் தட்டினான், அப்புறம் ஒரு சின்னப் பெண் இழுக்க உள்ளே போய்விட்டான். வரிசை உடைந்தது. பிள்ளைகள் முன்னால் வந்தார்கள். தனேஷ் கட்டைவிரலைக் காட்டினான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. ஆனால் என் கண் லோகனின் முதுகை விட்டு அகலவில்லை. பிடித்து ஆடுகிறானா, என் வாய்க்குப் பயந்து ஆடுகிறானா? முதுகைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது? எனக்காக ஆடுகிறான் என்றால் அவன் கை கட்டியே நின்றிருக்கலாம்.

என் நேரம் முடிந்தது. அடுத்து வாசிக்கிற பெண் தன் பாட்டை என் பாட்டுக்கு அடியிலேயே நழுவவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டாள். இடைவெளியே இல்லை. யாரும் கை தட்டவில்லை. நான் இறங்கினதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். லோகன் வந்து ஏதாவது சொல்லுவான் என்று பார்த்தேன். ஆளைக் காணோம். நானே கூட்டத்துக்குள் புகுந்து தேடினேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். டி-சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தோளைத் தட்டினேன்.

“வா, வாழையிலச் சாப்பாட்டுக்குப் போலாம். பசிக்குது.”

“இரு லா, பாட்டு போகுது.”

“அது என் பாட்டு இல்ல. நான் எறங்கி எவ்ளோ நேரமாச்சு!”

கண்ணைத் திறந்து மேசையைப் பார்த்தான். அங்கே வேறொருத்தி நிற்பதைக் கண்டு உண்மையிலேயே திடுக்கிட்டான். என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான்.

“இருந்தாலும் நல்லாருக்கே” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது, அவ்வளவு சந்தோஷம். பையைச் சுவரோரம் வைத்துவிட்டு நானும் அவன் பக்கத்தில் நின்று ஆடத் தொடங்கினேன்.