இன்ஸாஃபின் பெயர் ஒட்டிய டப்பா

1

இது நான் கற்பனை செய்த கதை அல்ல. நான் குடியேறிய இந்த நைல் கரை ஊரில் சிறுநீரகக் கல்லோடு டாக்டருக்காகக் காத்திருந்தபோது பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நான் எழுதுகிறவள் என்று தெரிந்ததும், "எழுதிக்கோ. உங்க ஊரு மொழியிலயே எழுது. இங்க ஒருத்தருக்கும் புரியாது. பேரை மட்டும் மாத்திடு" என்றாள். மாற்றிவிட்டேன். அவள் இன்ஸாஃப். கணவர் மெத்வல்லி.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"நைல் நதி கடலைச் சேருமுன் விசிறிபோல் விரிகிற அந்தச் சமவெளியில்," (சுற்றுலாக் கையேடு. அடித்துவிட்டேன்.)

"பிரசவத்துக்குப் பின் பெண்களுக்குச் சிறுநீர் கசிவது," (வார இதழின் மருத்துவப் பக்கம். இதையும்.)

இன்ஸாஃப் சத்தமாகச் சிரிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. (இது இருக்கட்டும். சிரித்தால் நனைந்துவிடும்.)

2

சிரித்தால் மட்டுமல்ல. இருமினால், தும்மினால், தண்ணீர் வாளியைத் தூக்கினால். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து அப்படித்தான். பழைய துணியை மடித்து வைத்துக்கொள்வாள். தொழுகைக்குமுன் கைகால் கழுவிச் செய்யும் ஒளு நிற்காது என்று, பெண்கள் கூடித் தொழும் இடங்களுக்குப் போவதை விட்டாள். பிறகு கல்யாண வீடுகளை. பிறகு, முழங்கால் வலி என்று சொல்லி, கணவரோடு ஒரே கட்டிலில் படுப்பதையும் விட்டாள்.

மெத்வல்லி வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. சிறுவயதில் வாய்க்காலில் குதித்து விளையாடிய பையன்கள் எல்லோருக்குமே அப்படிப் போகும். போகாதவனைத்தான் கேலி செய்வார்கள், "நீ இன்னும் ஆம்பளை ஆகலியாடா?" என்று. வாய்க்கால் நத்தையிலிருந்து வரும் புழுதான் காரணம் என்று பின்னால் சர்க்கார் ஆட்கள் மாத்திரை கொடுத்தார்கள். அது நின்றும் போயிற்று. இப்போது அறுபதைத் தாண்டியபின் மறுபடி. ஒவ்வொரு முறையும் குளியலறையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெளியே வருவார். தன் ரத்தத்தைப் பார்த்துத்தான் இவள் தள்ளிப் படுக்கிறாள் என்பது அவர் எண்ணம். தன் நாற்றம் பொறுக்காமல்தான் அவர் இப்படித் தேய்க்கிறார் என்பது அவள் எண்ணம்.

[இருவரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். பேசவில்லை. நம் வீடுகளில் மட்டும் பேசுகிறோமா?]

3

இன்ஸாஃப் ஒருநாள் துணிந்து டவுனில் பெண் டாக்டர் ஷாஹினாஸிடம் போனாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"கடைசிப் பையன் பொறந்ததிலேர்ந்து."

"அவனுக்கு என்ன வயசு இப்ப?"

"கல்யாணம் ஆயிடுச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சித்தி முறை வைத்துப் பேசினார். "இதுக்கு வைத்தியம் இருக்கு, காலா. நிறையப் பேருக்குப் பயிற்சியிலேயே குறையும். இல்லன்னா சின்ன ஆபரேஷன். வெளிய பெஞ்சுல இருக்கறவங்கள்ல பாதிப் பேரு இதுக்குத்தான் வந்திருக்காங்க. கேட்டா எல்லாரும் இடுப்பு வலிம்பாங்க."

"வீட்டுல நானும் அதைத்தான் சொல்லிட்டு வந்தேன்" என்றாள் இன்ஸாஃப்.

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. பெயர் எழுதி ஒட்டிய டப்பா ஒன்றைக் கொடுத்து, காலையில் முதல் முறை போவதைப் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.

4

அடுத்து நடந்ததைக் கடைசிவரை மறைத்து வைத்தால் கதை விறுவிறுப்பாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

"அவர் மறைச்சது போதாதா? நீ வேறயா?"

சரி. காலையில் அவள் டப்பாவை நிரப்பி, குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டு ரொட்டி சுடப் போனாள். அடுத்து உள்ளே போன மெத்வல்லி அதைக் கொட்டிவிட்டுத் தன்னுடையதைப் பிடித்தார். கறுப்புப் பையில் சுற்றினார்.

"நானே லேப்ல குடுத்துட்டு வந்துடறேன்."

தலைவலி என்றால்கூட ஏனென்று கேட்காத மனிதர், பெண்டாட்டியின் மூத்திரத்தைத் தெருவழியே சுமந்து போகிறாரே என்று அவள் வாசல்வரை வந்து பார்த்தாள்.

5

மெத்வல்லியைத்தான் என்னால் எழுத முடியவில்லை. ஒரு வரைவில் அயோக்கியன் ஆக்கினேன். ஒன்றில் அசடு. இரண்டிலும் அவர் இல்லை. அவர் அண்ணன் இதே நோய்க்கு ஆஸ்பத்திரிக்கு நடந்து போய்ப் பலகையில் பிணமாகத் திரும்பியவர். டாக்டர் முன்னால் நிற்காமலேயே மாத்திரை கிடைக்க வேண்டும். இன்ஸாஃபின் பெயரில் எழுதித் தருவார்கள், தான் விழுங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு.

முடிவு வந்த அன்று இன்ஸாஃப் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னாள்:

"நிறைய ரத்தம் இருக்காம். சந்தேகப்படற மாதிரி செல்லும் இருக்காம். குழாய் விட்டுப் பாக்கணும்னுட்டாங்க."

"மாத்திரை ஒண்ணும் தரலியா?"

"இல்ல."

"கேட்டியா?"

"கேக்கலிங்க."

"கேட்டிருக்கணும், இன்ஸாஃப். கேட்டிருக்கணும்." அவர் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். சாகப்போகிறவளாகவே வீட்டை ஒழுங்கு செய்யத் தொடங்கினாள். பிணத்துக்குச் சுற்றும் கஃபனுக்கு வெள்ளைத் துணி எடுத்து வைத்தாள். அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு அடுப்பு பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தாள்.

"இந்தத் திருகு சரியில்ல. கொஞ்சம் அமுக்கிட்டுத் திருப்புங்க. எங்க, பண்ணுங்க பாப்போம்."

அவர் அமுக்கித் திருப்பினார். எரிந்தது.

"சமத்து" என்றாள்.

[இங்கே அவரைப் பேசவைக்க எத்தனையோ முறை முயன்றேன்: "இன்ஸாஃப், அந்த டப்பாவுல இருந்தது" என்று ஆரம்பிப்பார். வாக்கியம் அதற்கு மேல் போகாது. நான் சேர்க்கும் சொற்கள் எல்லாம் என்னுடையவையாகவே இருக்கின்றன.]

6

குழாய் விடுவது நகரத்து ஆஸ்பத்திரியில். ஆண் டாக்டர். கால்களை உயரத் தூக்கி மாட்டினார்கள். கணவரைத் தவிர யாரும் பார்க்காத உடம்பு. அவள் முகத்தின்மேல் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, தெரிந்த துஆவையெல்லாம் ஓதினாள். எரிந்தது. அதைவிடக் கூசியது.

"உங்க மூத்திரப்பை சுத்தமா இருக்கு, ஹாஜ்ஜா" என்று மரியாதையோடு கூப்பிட்டுச் சொன்னார் டாக்டர். "ஒரு புள்ளிகூட இல்ல. அந்தப் பரிசோதனை உங்களோடது மாதிரியே தெரியலியே. லேப்ல யாரு கொண்டுவந்து குடுத்தது?"

இன்ஸாஃப் மேசையிலிருந்து இறங்கினாள். உடுத்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். பெஞ்சிலிருந்த மெத்வல்லி அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"உள்ள போ."

(அவள் மொழியில் புருஷனிடம் பேசும்போது நீ, நீங்க என்ற பேதமில்லை. இதுவரை "ங்க" போட்டது நான். இங்கே எடுத்ததும் நான்தான்.)

"இன்ஸாஃப், நான்..."

"பேசாதே. போய்ப் படு. நான் படுத்த அதே மேசையில படு. காலைத் தூக்கி மாட்டுவாங்க. வலிக்கும். போ."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் தலைகுனிந்து உள்ளே போனார். அவரைப் பரிசோதித்து முடித்த டாக்டர் வெகுநேரம் கையைக் கழுவினார். கட்டி சுவரைத் துளைத்துத் தசைக்குள் இறங்கியிருந்தது. ரத்தம் தெரிந்த உடனே வந்திருந்தால் மூத்திரப்பையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். எடுத்துவிட்டார்கள். மெத்வல்லியின் வயிற்றில் இப்போது ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. அதன்பிறகும் பாதி மாதங்கள்தான் நல்ல மாதங்கள். நோய் வேறெங்காவது போயிருக்கிறதா என்று பார்க்கத்தான், நான் அவளைப் பெஞ்சில் சந்தித்த அன்று அவரைக் கூட்டி வந்திருந்தாள்.

7

முடிவாக இரண்டு எழுதிவைத்தேன். ஒன்றில் இருவரும் கண்ணீரோடு கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மற்றதில் அவள் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவள் வீட்டுக்குப் போய் இரண்டையும் அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். உள்ளறையில் மெத்வல்லி தூங்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் இல்ல" என்றாள்.

"அவரை மன்னிச்சிட்டீங்களா?"

"அவர் இன்னும் கேக்கலியே."

பொறுக்கிய கல்லை வெளியே எறிந்துவிட்டு அவளே கேட்டாள்.

"நான் எதுக்கு டாக்டர்கிட்டப் போனேன்னு எழுதியிருக்கியா?"

"இருக்கே. ஆரம்பத்திலேயே."

"அது என்ன ஆச்சுன்னு?"

தாள்களைப் புரட்டினேன். அவர் கட்டி இருந்தது, ஆபரேஷன் இருந்தது, பை இருந்தது. ஷாஹினாஸ் சொன்ன பயிற்சி மூன்றாம் பகுதியோடு நின்றுவிட்டிருந்தது. யாரும் அவளை மறுபடி கூட்டிப்போகவில்லை. அவளும் போகவில்லை.

"நாளைக்குப் போகலாம். நான் கூட வரேன்" என்றேன்.

"நாம வர்றதுக்குள்ள அவர் பை நிரம்பிட்டா? யாரு மாத்துவா?"

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. இன்ஸாஃப் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் சட்டென்று நின்று, கால்களை இறுக்கிக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள்.

பையை யார் மாற்றுவது என்று அவள் கேட்டதோடு என் தாள்கள் நிற்கின்றன. உங்களிடம் பதில் இருந்தால் கதையை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.