ரெண்டு தரம்

யாரோ நாற்காலியைத் தரையோடு இழுத்தார்கள். மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண் தன்னால் எதிர் அறைக் கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்குக்குப் போனது. எரியவில்லை. இன்றைக்கு இந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் நாற்காலி இழுக்கலாம், மூக்கைச் சிந்தலாம், வாய்விட்டு அழலாம். அதற்கு ஓர் ஆள் சாக வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

கூடத்தின் நடுவில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார் அவள் மாமனார். முப்பத்தெட்டு வருடம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவியவர். நேற்றுக் காலை பதினொன்றரை மணி வாக்கில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வண்டி நான்கு மணிக்கு வருகிறது. இப்போது மணி மூன்றரை.

"அவன் தொண்டை இருக்கே, அடேயப்பா!" என்றார் எடைக்காரர். சந்தையில் மாமனாருக்குப் பக்கத்தில் நின்று அத்தனை வருடமும் தராசு பார்த்தவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இருமினார். "இந்தக் கோடியில 'ஒரு தரம்'னு ஆரம்பிச்சான்னா, அந்தக் கோடியில டீ குடிக்கிறவன் கிளாஸைப் போட்டுட்டு ஓடி வருவான். அப்படிப்பட்டவன், கடைசில ஒரு சத்தம்கூடவாம்மா போடலை?"

"இல்லைங்க."

நேற்று டாக்டர் கேட்டபோது சொன்னாள். ராத்திரி வந்து இறங்கியதும் நாத்தனார் கேட்டாள், அவளிடமும் சொன்னாள். இது மூன்றாவது. ஏலக் கணக்குப்படி பொய் அவள் பேருக்கே முடிந்துவிட்டது.

மாமனாருக்கு வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. "அம்மாடி, வெந்நீர். ஒரு தரம்!" என்பார். அவள் கையில் இருக்கிற வேலையை முடிப்பாள். "ரெண்டு தரம்!" கையைத் துடைப்பாள். "மூணு தரம்!" என்று வாயை மூடுவதற்குள் தம்ளர் அவர் முன்னால் இருக்கும். ஆறு வருடமாக இந்த விளையாட்டில் இருவரும் சலித்துக்கொண்டதே இல்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் அவளைச் சிரிக்க வைத்தவர் அவர் ஒருவர்தான்.

சிவப்பு விளக்கு எரியும்போது மட்டும் அந்த விளையாட்டு கிடையாது. எதுவுமே கிடையாது. அவள் கணவன் அந்த அறையில்தான் வாசிப்பான், பதிவு செய்வான். சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் கீபோர்டு வகுப்பு, காலையெல்லாம் இந்த அறை. ஜன்னலைப் பஞ்சுப் பலகை வைத்து அடைத்திருந்தான். சுவரெல்லாம் கம்பளி. கதவில் பழைய மெத்தை. இத்தனை செய்தும் மைக்குக்கு மட்டும் ஊர்ச் சத்தமெல்லாம் கேட்டது. அதனால் விளக்கு எரிந்தால் குக்கர் வைக்கக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, மின்விசிறி சுழலக் கூடாது. வீட்டு நாற்காலிகளின் கால்களுக்கெல்லாம் அவள் பழைய காலுறைகளை வெட்டித் தைத்து மாட்டியிருந்தாள். வாடகைக்கு வந்த நாற்காலிகளுக்குக் காலுறை இல்லை, அவை பாட்டுக்குக் கத்தின.

பாதி முடிந்த பாட்டை அவன் வாராவாரம் இணையத்தில் ஏற்றுவான். கேட்பவர்கள் இதை வை, அதை எடு என்று யோசனை சொல்வார்கள். மாமனாருக்கு இது புரியவே இல்லை. "வேகறதுக்கு முன்னாடியே எதுக்குடா தட்டுல போடற? அரைவேக்காடு!" என்றார். மகன் அதையே தன் இணையப் பக்கத்துக்குப் பெயராக வைத்துவிட்டான். அரைவேக்காடு. இருநூற்றுச் சொச்சம் பேர் கேட்டார்கள். ஒரு கடுஞ்சொல் வந்தால் இரண்டு நாள் சாப்பிட மாட்டான் என்பதால், கமெண்டுகளைப் படித்துப் பதில் எழுதுவது அவள் பொறுப்பு. அவள் போனில்தான் அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் போன்தான் பதினைந்து நிமிடம் முன்னால் அவள் மடியில் அதிர்ந்தது. முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தார்கள்:

'2:14-ல பின்னாடி ஒரு பெரியவர் ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்றாரே, அட்டகாசம்! தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க. மூணாவது தரம் மட்டும் ஏன் இல்ல? நடுவுல உஷ்னு சொல்றது யாரு?'

அதுவரை நாற்பத்தொரு பேர் கேட்டிருந்தார்கள்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்திருக்க முடியவில்லை. அவள் தோளில் நாத்தனாரின் தலை இருந்தது. அழுது ஓய்ந்த தலை, கனமாக இருந்தது. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்கள், முன்னால் மாமனார். வாசலுக்குப் போகும் வழியெல்லாம் செருப்பும் ஆளும்.

நேற்றைய பாட்டே அவருடைய ஏலக் கூவலிலிருந்து எடுத்ததுதான். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று தாளம் விழும். "என் பொழைப்பைப் பாட்டாக்கிட்டான். இவன்கிட்ட கமிஷன் கேக்கணும்" என்று மாமனார் அவளிடம் சொல்லிச் சிரித்தார். அந்த வாரம் முழுக்க எட்டு முறை வாசித்தும் சரியாக வரவில்லை. ஒரு முறை கெடுத்தது அவள். கரண்டி கைதவறி விழுந்தது. அதற்கு அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

நேற்று ஒன்பதாவது முறை. அடுக்களையில் சத்தமில்லாமல் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "அம்மாடி... ஒரு தரம்" என்று கூடத்திலிருந்து வந்தது. கிசுகிசுப்பாக இல்லை, குரலாகவே வந்தது. பதறிப்போய் நுனிக்காலில் ஓடினாள். "ரெண்டு தரம்" என்று அவர் முடிப்பதற்குள் விரலை உதட்டில் வைத்து "உஷ்!" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். கையைப் பாதிவரை தூக்கினார். விளக்கு எரியும்போது அவளைக் கிண்டல் செய்ய அவர் ஒரு சல்யூட் வைப்பதுண்டு. அதுதான் என்று நினைத்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். தம்ளரில் வெந்நீரை ஊற்றி, கையில் வைத்துக்கொண்டு, மூணாவது தரத்துக்காகக் காத்து நின்றாள். வரவில்லை. கோபித்துக்கொண்டார் போல என்று நினைத்தாள்.

கால் மணி நேரம் கழித்து விளக்கு அணைந்தது. அவள் தம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது கணவன் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தான். "அப்பா, ஓகே ஆயிடுச்சு! ஏத்திட்டேன்!" என்றான். ஜன்னலோர நாற்காலியிலிருந்து பதில் இல்லை.

"தம்பி" என்றாள் நாத்தனார் இப்போது, தலையைத் தூக்கி. "அப்பாவோட ஏலத்தை வெச்சுப் பாட்டு பண்றேன்னு போன்ல சொன்னியே. முடிச்சிட்டியா?"

அவன் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். "முடியலைக்கா. பாதிதான்."

"பாதி இருந்தா என்ன? வண்டி வர்றதுக்குள்ள ஒரு வாட்டி போடுடா. அவர் கேட்டுட்டுப் போகட்டும்."

"போடு தம்பி. நாங்களும் கேக்கறோம்" என்றார் எடைக்காரர், இருமலுக்கு நடுவில்.

அவன் எழுந்து அறைக்குப் போனான். மருமகள் கவிழ்ந்திருந்த போனை எடுத்து இடுப்பில் செருகினாள். இத்தனை பேர் நடுவில் அந்தக் குரல் வரும், பின்னாலேயே அவள் குரலும் வரும். நாத்தனார் திரும்பி அவளைப் பார்ப்பாள். "ஸ்பீக்கர் ஒயர் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியாது" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, கால்களையும் செருப்புகளையும் தாண்டி அவன் பின்னால் போனாள்.

அவள் உள்ளே வந்ததும் அவன் கதவைச் சாத்தினான். சாத்திய கை, கதவோரத்து ஸ்விட்சைத் தட்டியது. பழக்கம். கூடத்து அழுகை கத்தரித்தாற்போல் நின்றது. இந்த அறையில் அவளுக்கு எப்போதும் மூச்சு முட்டும். இப்போது தன் மூச்சுச் சத்தமே காதை அடைத்தது.

"அதைப் போட வேணாங்க" என்றாள்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கணினித் திரையை எழுப்பினான். பாட்டு கோடுகோடாகத் திரையில் நின்றது. இரண்டு நிமிடம் பதினான்கு நொடிக்குப் பக்கத்தில் யாரோ ஏற்கெனவே பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அங்கே சின்னச் சின்னதாய் இரண்டு மேடு, இரண்டாவதன் முதுகில் ஒரு முள்.

"எப்ப பாத்தீங்க?"

"காலையில பாத்தேன். கேட்டது நேத்தே. வாசிக்கும்போதே ஹெட்போன்ல வந்துச்சு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா தாளத்தோட சேர்ந்து சொல்றார்னு நெனச்சேன்" என்றான். திரையைப் பார்த்தே பேசினான். "எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் பாட்டுக்கு அவர் வாயைத் திறந்ததே இல்லையே. நீ உஷ்னதும் உன்மேலதான் எரிச்சல் வந்துச்சு, கெடுத்துட்டாளேன்னு. மூணாவதையும் சொல்லுவார், சொல்லுவார்னு ரெண்டு சுத்து அதிகமா வாசிச்சேன்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகை வந்தது. சத்தம் வரவில்லை, ஆறு வருடப் பழக்கம்.

"டாக்டர் கேட்டப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"நான் பொய் சொல்றேன்னு தெரியுமில்ல?"

"நீ சொன்னது எனக்கும் சௌகரியமா இருந்துச்சு" என்றான்.

பிறகு, கேட்கக் கூடாதென்று நினைத்ததையே அவள் கேட்டாள்.

"என் சத்தத்தை மட்டும் எடுத்துடுங்களேன்."

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முயன்றான். முள்ளை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டினான், கேட்டான், இல்லையென்று தலையை ஆட்டினான். திரும்ப ஒட்டினான். வேறு விதமாக, மெல்லத் தேய்ப்பதுபோல் குறைத்தான். பிறகு ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பி அவள் காதில் வைத்தான். "அம்மாடி" என்றார் மாமனார், மிக அருகில். ஒரு தரம். அப்புறம் "ரெண்டு" என்று தொடங்கி, பாதாளத்தில் விழுந்ததுபோல் குரல் இல்லாமல் போனது.

"உன் உஷ் அவரோட 'தரம்' மேல விழுந்திருக்கு. உன்னை எடுத்தா அவரும் போறார். வேற வழியில்ல."

"முழுசாவே எடுத்தா?"

"முழுசா எடுத்தா வெறும் கீபோர்டுதான். அவர் குரல் வேற எதுலயும் இல்ல. எவ்வளவோ தடவை மைக்ல வந்திருக்கு, ஒவ்வொண்ணா பொறுக்கி நானேதான் அழிச்சேன்."

வெட்டியதை மறுபடி ஒட்டினான். மேடும் முள்ளும் பழையபடி நின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் அவளிடம் கேட்கும் கேள்வியைக் கேட்டான். "வெச்சுக்கலாமா, எடுத்துடலாமா?"

எப்போதும் சட்டென்று சொல்வாள். அவள் காதுதான் அவனுக்குத் தராசு. இன்றைக்கு வாய் திறக்கவே நேரமாயிற்று.

"பேஜ்லேர்ந்து எடுத்துடறேன்" என்றாள் கடைசியில். "இங்க இருக்கட்டும்."

"இருந்தா தினமும் கேப்போம்."

"கேப்போம்."

போனில் பாட்டைத் தேடி எடுத்தாள். அதற்குள் ஐம்பத்திரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உஷ்னு சொல்றது யாரு என்ற கேள்வி அப்படியே இருந்தது. நிச்சயமாக நீக்கவா என்று போன் கேட்டது. அழுத்தினாள். அவன் கணினியை அணைத்தான். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மெத்தை அடித்த கதவை இழுத்துத் திறந்தாள்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் போய்விட்டார்களோ என்று ஒரு கணம் பயந்தாள். யாரும் போகவில்லை. கூடம் நிறைய ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்திருந்தார்கள். நிலைப்படியில் வண்டிக்காரர்கள் இருவர் நின்றார்கள், ஒருவர் தன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அவர்களுக்கு எதிரே நாத்தனார், உதட்டில் விரலை வைத்தபடி.

"முடிஞ்சுதா?" என்று கிசுகிசுத்தாள்.

"ஸ்பீக்கர் வேலை செய்யலைக்கா" என்றான் அவன்.

"பரவாயில்லடா. வண்டி வந்து பத்து நிமிஷமாச்சு. கூப்பிடலாம்னுதான் வந்தேன். லைட் எரியுதேன்னு யாரையும் சத்தம் போட விடலை."

மருமகள் அண்ணாந்து பார்த்தாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையை உள்ளே விட்டு ஸ்விட்சைத் தடவி அணைத்தாள்.

எடைக்காரர் வாயிலிருந்து துண்டை எடுத்துவிட்டு, அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த இருமலை இருமித் தீர்த்தார்.